சின்னம்மாவின் கணக்கு யாருடைய பெயரில்?

கொக்குவிலில் சின்னம்மா வீட்டுக் கிணற்றுக்கட்டில் போனை வைத்துவிட்டுத் தண்ணீர் அள்ளியிருக்கிறார். கயிறு தட்டியதோ கை தட்டியதோ, போன் உள்ளே போய்விட்டது. பக்கத்து வீட்டுத் தம்பி இறங்கி எடுத்துக் கொடுத்தான். சிம் உயிரோடு வந்தது, போன் வரவில்லை. ரொறன்ரோவில் இருக்கும் மகனும் வவுனியாவில் இருக்கும் மகளும் சொன்ன ஆறுதல் ஒன்றுதான்: "படமெல்லாம் கிளவுட்டில கிடக்கும் அம்மா, புதுப் போனில போட்டால் வந்திடும்."

வரவில்லை. கிளவுட் என்றால் போனில் இருப்பதை இணையம் வழியாக ஒரு நிறுவனத்தின் கணினிகளில் சேர்த்து வைப்பது, அதைத் திறக்க ஒரு கணக்கு வேண்டும். அந்தக் கணக்குக்குள் நுழையவே ஒன்பது நாள் எடுத்தது. வீட்டில் கொம்பியூட்டர் படித்தவன் நான் ஒருவன் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. அந்த ஒன்பது நாளில் தெரியவந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். சேவை எந்த நிறுவனத்தினது, போன் எந்தக் கடையில் வாங்கியது என்று சொல்லப்போவதில்லை, வேறு நிறுவனமாக இருந்திருந்தாலும் கதை பெரிதாக மாறியிராது. சின்னம்மாவிடம் கேட்டேன். "என்ர பேரைப் போடாதை, மற்றதெல்லாம் எழுது" என்றார்.

கண்ணாடி, கவர், கணக்கு

2019இல் யாழ்ப்பாணம் ரவுணில் வாங்கிய போன் அது. அப்போது சித்தப்பா இருந்தார், இருவருமாகத்தான் போனார்கள். கடையில் நின்ற தம்பி திரைக்குக் கண்ணாடி ஒட்டி, பின்னுக்குக் கவர் போட்டு, வட்ஸ்அப் ஏற்றி, அப்படியே ஒரு கணக்கும் திறந்து கொடுத்திருக்கிறான். தனிக் காசு வாங்கவில்லை. எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் பலருடைய கணக்குகள் இப்படித்தான் பிறந்தன, அதை உதவி என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொள்கிறோம், உண்மையில் உதவிதான்.

ஆனால் அவன் அந்தக் கணக்கில் என்ன எழுதினான் என்று பாருங்கள். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் போனின் மொடல். பிறந்த திகதி 1990 ஜனவரி 1. சின்னம்மா பிறந்தது 1956. கடவுச்சொல், கடையின் பெயரோடு 123. கடவுச்சொல் மறந்தால் மீட்பதற்கு ஒரு மெயில் கேட்பார்கள் அல்லவா, அதில் கடையின் மெயில். ஏன் சின்னம்மாவின் நம்பரைப் போடவில்லை என்றால், சிம்மை அவர் பழைய போனில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். கடையின் நம்பரைப் போடலாம், ஆனால் ஒரே நம்பரைப் பல கணக்குகளுக்குக் கொடுத்தால் ஒரு கட்டத்தில் சேவை மறுத்துவிடும். மெயிலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆக எல்லாருக்கும் அதே மெயில், அதே கடவுச்சொல்.

இது எதுவும் அப்போது எங்களுக்குத் தெரியாது. கிணறு விழுங்கிய பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

அந்தப் பைக்குள் இருந்தது

1995 ஒக்டோபர் கடைசியில் போரால் வலிகாமம் முழுக்க ஊரை விட்டு வெளிக்கிட்டபோது சின்னம்மா தோளில் கொண்டுபோனது உறுதிப் பை. காணி உறுதிகள், பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டை, பாங்குப் புத்தகம். சாவகச்சேரியில் இருந்த காலம் முழுக்க அதைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தவர். இன்றும் அது அலுமாரியில் பூட்டில்தான் இருக்கிறது, திறப்பு எங்கே என்று மகளுக்கே தெரியாது.

2021இல் மகனுக்கு அற்றோணித் தத்துவம், அதாவது ஒருவருக்காக இன்னொருவர் அலுவல் பார்க்க அதிகாரம் கொடுக்கும் பத்திரம், எழுதும் அலுவல் வந்தது. அந்தப் பையிலிருந்த ஒவ்வொரு தாளையும் வெளி விறாந்தையில் வெயிலில் பரப்பி, ஒவ்வொன்றாகப் போனில் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். படமெடுத்த அன்று இரவே அத்தனையும் தானாக மேலே ஏறிவிட்டது, யாரும் ஏற்றவில்லை, தானாக ஏறும்படிதான் கடையிலேயே வைத்துக் கொடுத்திருந்தான். அலுமாரியில் பூட்டு அப்படியே இருந்தது. அதே உறுதியின் படம், கடையின் பெயரும் 123உம் தெரிந்த எவருக்கும் எட்டும் இடத்தில் இருந்தது.

அடையாள அட்டையின் இரண்டு பக்கமும் அதில் இருந்தது. நம்முடைய அடையாள அட்டை இலக்கத்தை வெறும் வரிசை எண் என்று நினைக்கவேண்டாம். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருசம், அடுத்த மூன்று இலக்கம் அந்த வருசத்தின் எத்தனையாவது நாள், பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 2016க்குப் பிறகு வந்த 12 இலக்க அட்டையில் வருசம் நான்கு இலக்கமாக வருகிறதே தவிர முறை அதேதான். அட்டையைப் பார்த்தவனுக்குப் பிறந்த நாளும் தெரியும், ஆணா பெண்ணா என்பதும் தெரியும். பாங்குக்கோ போன் கொம்பனிக்கோ அழைத்தால் ஆள் நீங்கள்தானா என்று பார்க்க முதலில் கேட்பதும் இதே விபரங்களைத்தான். கணக்கில் பிறந்த திகதி பொய்யாக இருந்ததில் நன்மை ஒன்றும் இல்லை, உண்மையானது படமாக உள்ளே கிடந்தது.

அப்புறம் சீனி வருத்த ரிப்போட்டுகள், பேரப்பிள்ளைகளின் பாஸ்போட் முதற்பக்கம், மகன் அனுப்பிய காசின் பற்றுச்சீட்டு, பேத்தியின் சாமத்திய வீட்டுப் படங்கள் நூற்றுக்கணக்கில். அந்தப் பிள்ளையின் முகத்தைச் சேவை தானே அடையாளம் கண்டு, கைக்குழந்தையாக இருந்த படத்திலிருந்து சேலை கட்டிய படம் வரை ஒரே கட்டாகச் சேர்த்து வைத்திருந்தது. சின்னம்மாவுக்கு அது பிடித்திருந்தது. எனக்குக் கொஞ்சம் கூசியது. பிள்ளையிடம் யாரும் கேட்கவில்லை.

ஒன்பது நாள்

முதல் மூன்று நாளும் நான் செய்தது பிழை. எனக்குத் தெரிந்த கடவுச்சொற்களையெல்லாம் போட்டுப் பார்த்தேன்: போன் நம்பர், வீட்டு இலக்கம், பேத்தியின் பெயர். இப்படி அடித்துக்கொண்டிருந்தால் சேவை உங்களைத் திருடன் என்றுதான் எடுக்கும். பிறகு சில மணி நேரம் முயலவே விடாது. என்னுடைய மடிக்கணினியில், என்னுடைய வீட்டு இணைப்பில் இருந்து முயன்றது இன்னொரு பிழை. வழக்கமாகப் பாவிக்கிற இடத்தில் இருந்து வந்தால் இந்தச் சேவைகள் கொஞ்சம் நம்பும். நான்காம் நாள் சின்னம்மா வீட்டு வைபையில் இருந்து முயன்றபோதுதான் "உங்கள் மீட்பு மெயிலுக்குக் குறியீடு அனுப்பலாமா" என்று கேட்டது. மெயிலின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மட்டும் தெரிந்தன, நடுவில் புள்ளிகள். கடையின் பெயரோடு பொருந்தியது.

இதற்கிடையில் அழைத்துக் கதைக்க ஒரு நம்பர் தேடினேன். இல்லை. இலவசக் கணக்குக்கு ஆள் கிடையாது, உதவிப் பக்கங்கள் மட்டும், ஒன்றைத் திறந்தால் அது மற்றதைக் காட்டும், மற்றது முதலாவதைக் காட்டும். இது எங்கள் ஊருக்கு மட்டும் நடக்கிற அநியாயம் என்று நினைக்கவேண்டாம். 2021இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தகப்பன், சுகமில்லாத தன் குழந்தையை டாக்குத்தருக்குக் காட்டுவதற்காகப் படமெடுத்தார். கூகிளின் தானியங்கிச் சோதனை அதைக் குற்றப் படம் என்று எடுத்து அவருடைய கணக்கைப் பூட்டிவிட்டது. பொலிஸ் விசாரித்துக் குற்றம் எதுவுமில்லை என்று சொன்ன பிறகும் கணக்கு திரும்பவில்லை. மெயில், படங்கள், அவர்களிடமே வாங்கிய போன் நம்பர், எல்லாம் போனது. நிறுவனம் இருக்கும் நாட்டிலேயே அவருக்கு இந்த நிலை என்றால் கொக்குவிலில் இருந்து நாங்கள் யாரிடம் போய்ச் சொல்வது?

கடை இருந்த இடத்துக்குப் போனேன். இப்போது அது புடைவைக் கடை. பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் விசாரித்து, பழைய முதலாளியைச் சுன்னாகத்தில் பிடித்தேன். நல்ல மனிசன், இருக்கச் சொல்லிச் சோடா உடைத்துத் தந்தார். "மெயில் அலுவல் எல்லாம் தம்பிதான் பார்த்தவன், எனக்கு அதுகள் விளங்காது. அவன் இப்ப கட்டாரில" என்றார். கடைக் கொம்பியூட்டர்? வித்தாச்சு. யாருக்கு என்று நினைவில்லை.

ஒன்பதாம் நாள் இரவு தோஹாவில் இருந்து வட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. வேலை முடிந்து அப்போதுதான் அறைக்கு வந்திருக்கிறான், பின்னால் ஆட்கள் சாப்பிடுகிற சத்தம், யாரோ மலையாளத்தில் கதைக்கிறார்கள்.

"அன்ரி, உங்களை ஞாபகமில்லை, குறை நினைக்காதைங்கோ. எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட்தான் போட்டனாங்கள்."

சொன்னான். போட்டேன். ஏற்றுக்கொண்டது, ஆனால் புதுக் கருவி என்பதால் குறியீடு கேட்டது. கடையின் மெயில் இன்னும் அவனுடைய போனில்தான் இருந்தது. எடுக்க நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

"கோட் வந்திட்டுது. சொல்லுறன், எழுதுங்கோ."

சின்னம்மா கலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஆறு இலக்கத்தையும் எழுதினார், ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக்கொண்டு, சீட்டுக்காசு எண்ணுவதைப்போல. கணக்கு திறந்தது. படங்கள் ஒவ்வொரு வரிசையாக வந்து நிரம்பத் தொடங்கின. "முருகா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். போனில் அவனுக்கு நன்றி சொன்னார், சாப்பிட்டியா ராசா என்று கேட்டார், வைத்தார். வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்ப இவ்வளவு காலமும் அவன் நினைச்சிருந்தால்..."

அதற்கு மேல் சொல்லவில்லை.

உள்ளே போய்ப் பார்த்தபோது

எந்தெந்தக் கருவிகளில் கணக்கு திறந்திருக்கிறது என்று காட்டும் பக்கம் ஒன்று பெரும்பாலான சேவைகளில் உண்டு. முதலில் அதைத்தான் திறந்தேன். கிணற்றில் விழுந்த போன், என்னுடைய மடிக்கணினி, அதோடு ஒரு விண்டோஸ் கொம்பியூட்டர். 2019இல் கணக்கைத் திறந்த கடைக் கொம்பியூட்டர், வெளியேறாமல் அப்படியே விட்டது. யாருக்கு வித்தது என்று முதலாளிக்கு நினைவில்லாத அதே கொம்பியூட்டர்தான். யாரும் அதில் இருந்து எதையும் பார்த்தார்கள் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. பார்க்கவில்லை என்று சொல்லவும் ஆதாரம் இல்லை.

அடுத்தது, படங்கள். 2023இன் நடுப்பகுதிக்குப் பிறகு ஒரு படமும் இல்லை. இலவச இடம் நிரம்பிவிட்டது. "சேமிப்பிடம் நிரம்பியுள்ளது" என்று ஒவ்வொரு நாளும் வந்திருக்கிறது, சின்னம்மா அதை விளம்பரம் என்று நினைத்து ஒவ்வொரு நாளும் தள்ளிவிட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்லமாட்டேன், அதே இடத்தில் அதே நிறத்தில்தான் விளம்பரமும் வருகிறது. கூகிளில் இலவசம் 15 ஜிபி, மெயில், கோப்பு, படம் எல்லாவற்றுக்கும் சேர்த்து. அப்பிளில் 5 ஜிபி. 2021 ஜூன் 1 வரை கூகிள் சற்றுச் சுருக்கிய படங்களை அளவில்லாமல் இலவசமாக வைத்துக்கொண்டது, அன்றிலிருந்து ஏற்றுபவையும் அந்த 15 ஜிபிக்குள் சேர்கின்றன. அன்ரொயிட் போன்களில் வட்ஸ்அப் காப்புப்பிரதிக்கும் முன்னர் தனிச் சலுகை இருந்தது, அதையும் பிறகு எடுத்துவிட்டார்கள். பழக்கும் வரை இலவசம், பழகிய பிறகு அளவை. 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360ஐத் தாண்டியபோது மாதச் சந்தா கட்டியவர்களுக்குத் தெரியும், நிறுவனம் விலையை ஒரு சதம்கூடக் கூட்டாமலே நமக்கு விலை கூடிவிடும் என்று. கட்டாமல் விட்டால் படங்கள் உடனே போகாது, புதியவை ஏறாது. அந்த மௌனம்தான் ஆபத்து, ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டே இருப்போம்.

ஆனால் உண்மையான இழப்பு இதுவல்ல. 2022இல் சித்தப்பா போய்விட்டார். அடுத்த வருசம் போன் மெதுவாகிறது என்று யாரோ சொல்ல, "கிளவுட்டில இருக்குத்தானே" என்று போனில் இருந்த பழைய படங்களைச் சின்னம்மா அழித்திருக்கிறார், உறுதிப் படங்களை மட்டும் விட்டுவிட்டு 2020, 2021 இரண்டு வருசமும். போனில் அழித்தால் மேலேயும் அழியும். இரண்டு இடத்தில் இரண்டு பிரதி இருக்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம், அது ஒரே பெட்டியை இரண்டு யன்னலால் பார்ப்பது. கூகிள் போட்டோசில் அழித்தது 60 நாள் வரை குப்பைக்கூடையில் இருக்கும், ஐக்கிளவுட்டில் 30 நாள். ஒன்றரை வருசம் கழித்து யார் தேடுவது? சித்தப்பா கடைசியாக நல்லூர்த் தேருக்கு நின்ற படம் அதில் இருந்தது. வவுனியாவில் மகளின் வட்ஸ்அப்பில் அதன் சுருங்கிய பிரதி ஒன்று கிடைத்தது, பெருப்பித்தால் முகம் சதுரம் சதுரமாக உடைகிறது.

மேலே இருந்தால் நிறுவனக்காரன் பாதுகாப்பான் என்ற நம்பிக்கைக்கு நம் நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் சொந்தக் கிளவுட் மீது கப்பம் கேட்கும் வைரஸ் தாக்குதல் நடந்தது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மெயில்கள் போயின, ஏறத்தாழ 5000 அரச மெயில் முகவரிகள். அந்தக் காலப்பகுதி மெயில்களுக்கு, வேறாக எடுத்து வைத்த பிரதி இருக்கவில்லை.

யாரிடம் சொல்வது

மகன் கோபத்தில் "கேஸ் போடுவம்" என்றான். யார்மீது?

அனுமதியில்லாமல் அடுத்தவர் கணக்குக்குள் போனால் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம், ஐந்து வருசம் வரை சிறைகூட உண்டு. ஆனால் இங்கே யாரும் நுழைந்ததாகத் தெரியவில்லை, நுழையக்கூடிய நிலை மட்டும்தான் இருந்தது, கதவைப் பூட்டாமல் விட்டதற்கு அந்தச் சட்டம் பேசாது. தரவை வைத்திருப்பவனின் பொறுப்பைப் பேசுவது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஒரு மீறலுக்கு ஒரு கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடம் உண்டு. அதன் முக்கியமான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வருவதாக இருந்து, நாள் நெருங்கியபோது தள்ளிப்போடப்பட்டன. சட்டம் முழுதாக நடந்தால்கூட, மூடிப்போன ஒரு போன் கடையைத் தரவுக்குப் பொறுப்பான நிறுவனம் என்று நிறுவ எந்தச் சட்டத்தரணி மினக்கெடுவார்? பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம், ஆனால் காசு கொடுத்து வாங்கியது போன், போனில் பழுதில்லை. கணக்கு இலவசம். அமெரிக்கச் சேவையோ, ஏற்றுக்கொள்கிறேன் என்று அழுத்தியபோதே தன் பொறுப்பை எழுத்தில் குறைத்துக்கொண்டுவிட்டது, அதை அழுத்தியதும் கடைத் தம்பியின் விரல்தான். சின்னம்மா அந்த நிபந்தனைகளின் ஒரு வரியையும் காணவில்லை.

காணி அவர் பெயரில், உறுதி அவர் பெயரில், அதில் ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் நொத்தாரிசிடம் ஓடுகிற சனம் நாங்கள். ஆனால் அந்த உறுதியின் படம் இருந்த கணக்கு ஒரு போன் மொடலின் பெயரில், 1990இல் பிறந்த யாரோ ஒருவருடையதாக இருந்தது.

செய்தது

அன்றிரவே கடவுச்சொல்லை மாற்றினோம். தெரியாத கருவியை வெளியேற்றினோம். மீட்புக்குச் சின்னம்மாவின் சொந்த நம்பரும் மகளின் மெயிலும். கடவுச்சொல்லுக்கு மேல் ஒரு குறியீடும் கேட்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைப் போட்டு, அவசரத்துக்கான குறியீடுகளைத் தாளில் எழுதினோம், அந்தத் தாள் உறுதிப் பைக்குள் போனது. திறப்பு இருக்கும் இடம் இப்போது மகளுக்கும் தெரியும், அதற்கு மட்டும் அரை மணி நேர வாக்குவாதம்.

உறுதிப் படங்களையும் அடையாள அட்டையையும் கணக்கில் இருந்து எடுத்து ஒரு ஹாட் டிஸ்க்கில் போட்டோம். மற்றப் படங்கள் இரண்டு இடத்திலும் இருக்கின்றன, இம்முறை உண்மையான இரண்டு இடம். வட்ஸ்அப் காப்புப்பிரதிக்கு முழு மறைகுறியாக்கம், அதாவது வேறு எவரும் வாசிக்க முடியாதபடி பூட்டுவது, 2021இல் இருந்து உண்டு, ஆனால் நாமாகப் போய்ப் போட்டால்தான் வேலை செய்யும், போட்டேன். நம்பரைப் பற்றி ஒன்று: மீட்புக்கு நம்பரைக் கொடுத்தால் அந்த நம்பரை விடக்கூடாது. விட்ட நம்பரைக் கொம்பனி வேறு ஆளுக்குக் கொடுக்கும். 2021இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்காவில் அப்படி மறுபடி விற்பனைக்கு வந்த 259 நம்பர்களை எடுத்துப் பார்த்தார்கள், 171 நம்பர்களில் பழைய ஆளின் கணக்குகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. சின்னம்மாவின் சிம்முக்கு மாதாமாதம் றீலோட் போடுவது இப்போது என் வேலை.

எல்லாம் முடிந்து இரண்டு கிழமை கழித்துத் தோஹாவில் இருந்து எனக்கு ஒரு குரல் பதிவு வந்தது.

"அண்ணா, அன்ரின்ர கணக்கில இருந்து இப்ப ஒண்டும் வாறேல்லை, அது சரி. ஆனால் நான் அந்த மெயிலைத் திறந்து பார்த்தனான். நிறையப் பேற்ற வருது. புதுக் கருவியில நுழைஞ்சிருக்கு, இடம் நிரம்பிட்டுது எண்டு. பேரெல்லாம் போன் மொடல்தான் போட்டிருக்கிறன், ஆர் ஆரெண்டு எனக்கே தெரியாது. இந்த மெயிலை அழிச்சுவிடட்டோ?"

அழித்தால் அந்த ஆட்களில் ஒருவருடைய போன் நாளைக்குக் கிணற்றில் விழும்போது, குறியீடு போவதற்கு இடமே இருக்காது. அழிக்காவிட்டால் அத்தனை பேருடைய கதவும் ஒரே கடவுச்சொல்லோடு, தோஹாவில் பலர் படுக்கும் அறையில் ஒரு போனுக்குள் கிடக்கும். அவன் கைவிட்டு யாருமே திறக்காமல் இருந்தாலும் தீராது, இரண்டு வருசம் பாவிக்காத கணக்குகளைக் கூகிள் 2023 டிசம்பரில் இருந்து அழித்து வருகிறது, மற்றவர்களிடமும் இப்படி விதிகள் உண்டு.

இப்போதைக்கு அழிக்கவேண்டாம், மெயிலின் கடவுச்சொல்லை மட்டும் மாற்று என்று சொல்லியிருக்கிறேன். 2019 பக்கம் ரவுணில் போன் வாங்கி, கணக்கில் உங்கள் பெயருக்குப் பதிலாகப் போனின் பெயர் இருந்தால், மீட்பு மெயில் என்ற இடத்தில் யாருடையது இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். உங்களுக்குத் தெரியாத மெயிலாக இருந்தால் எனக்கு எழுதுங்கள். அந்தப் பெடியனும் தேடிக்கொண்டிருக்கிறான்.